வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கேமரா: நரி வேட்டையும் தனியுரிமையும்

இங்கிலாந்தின் கிராமம் ஒன்றில் குளிர்காலச் சனிக்கிழமைக் காலை. ஊர் மதுக்கடை வாசலில் சிவப்புக் கோட்டும் கறுப்புக் கோட்டும் போட்டவர்கள் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிரைகளின் காலடியில் முப்பது நாற்பது வேட்டைநாய்கள் நிலைகொள்ளாமல் சுற்றுகின்றன. ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, சாலையோரம் நிறுத்திய கார் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் கழுத்தில் தொலைநோக்கி, மற்றவர் கையில் வீடியோ கேமரா. வேட்டைக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அவர்களைப் பார்த்ததும் தன் கைபேசியை எடுத்து அவர்களைப் படம் பிடிக்கத் தொடங்குகிறார்.

ஒருவரை ஒருவர் படம் பிடிக்கும் இந்தக் காட்சி அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. "என் நிலத்தில் நான் செய்வதை நீ எதற்குப் படம் எடுக்கிறாய், இது என் அந்தரங்கம்" என்கிறது ஒரு தரப்பு. "நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள், அதைக் காட்ட எனக்குக் கேமராவைத் தவிர வேறு வழியில்லை" என்கிறது மறு தரப்பு. தனியுரிமை என்ற சொல்லை நாம் தினமும் கேட்கிறோம். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரிந்துகொள்ள இந்தச் சண்டையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

படம் பிடித்தே தீர வேண்டிய ஒரு சட்டம்

முதலில் வேட்டையைப் பற்றி. இது துப்பாக்கியால் சுடுகிற வேட்டை இல்லை. நாய்க் கூட்டம் நரியின் மோப்பத்தைப் பிடித்து விரட்டும். குதிரைக்காரர்கள் பின்னால் போவார்கள். நாய்கள் எட்டிப் பிடித்தால் நரியின் கதை அங்கேயே முடிந்தது. நரி மண்ணுக்குள் வளையில் புகுந்துகொண்டால் டெரியர் என்ற சிறு நாயை உள்ளே விட்டு, மண்வெட்டியால் தோண்டி எடுப்பார்கள். அதற்கென்றே 'டெரியர்காரர்கள்' என்று தனி ஆட்கள் உண்டு. இந்த உலகத்துக்கென்று தனிப் பேச்சும் உண்டு. நாய்களை ஒற்றையாக எண்ண மாட்டார்கள், ஜோடியாகத்தான். முப்பத்தைந்து நாய் என்றால் 'பதினேழரை ஜோடி'.

அங்கே விரட்டப்படுவது செந்நரி. ஆட்சி செய்ய வந்த இடத்துக்கும் இந்த வழக்கத்தை பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துவந்தார்கள். ஊட்டியின் வென்லாக் புல்வெளியில் செந்நரி இல்லாததால், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நாய்களைக் கொண்டு நம் ஊர் நரியை விரட்டினார்கள். ஊட்டி வேட்டைக் கழகத்தின் கதை தனிக் கட்டுரைக்குரியது. நாம் இங்கிலாந்துக்கே திரும்புவோம்.

1999 இறுதியில் பிரபு பர்ன்ஸ் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. நாய்களால் விரட்டப்படுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று 2000-இல் அது எழுதியது. கசப்பான அரசியல் போராட்டம் தொடர்ந்தது. 2002 செப்டம்பரில் தடைக்கு எதிராக லண்டனில் நடந்த ஊர்வலத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் நடந்தார்கள். கடைசியில் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் எதிர்ப்பையும் மீறி வேட்டைச் சட்டம் 2004 நிறைவேறியது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவது குற்றம். ஸ்காட்லாந்து 2002-லேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. வட அயர்லாந்தில் இப்படிப்பட்ட தடை வரவில்லை.

தடை வந்ததே, அப்புறம் ஏன் சனிக்கிழமைதோறும் சிவப்புக் கோட்டுகள்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் கேமராவின் கதை தொடங்குகிறது.

சட்டத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றன. இரண்டு நாய்களுக்கு மேல் போகாமல், சில நிபந்தனைகளோடு, நரியைப் புதரிலிருந்து கிளப்பிச் சுடலாம். வேட்டைப் பறவைக்காகக் கிளப்பினால் நாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. இவற்றைவிடப் பெரியது சட்டம் தொடாத ஒரு வழக்கம். அதன் பெயர் 'தட வேட்டை'. முன்கூட்டியே ஒருவர் நரியின் வாசனை ஏற்றிய துணியை வயல்வழியே இழுத்துக்கொண்டு போவார். நாய்கள் அந்தத் தடத்தைப் பின்தொடரும். உயிருள்ள நரி இதில் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. நடுவில் உண்மையான நரி ஒன்று குறுக்கே வந்து நாய்கள் அதை விரட்டினால்? "அது விபத்து, நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம், நாய்கள் கேட்கவில்லை" என்பார்கள்.

விபத்து குற்றம் ஆகாது. வேண்டுமென்றே விரட்டினார்கள் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 2009-இல் உயர் நீதிமன்றம் இன்னும் இரண்டைச் சொன்னது. நரியைத் தேடுவது மட்டும் வேட்டை ஆகாது. விதிவிலக்குக்குள்தான் இருந்தோம் என்று வேட்டைக்காரர் நியாயமான அளவுக்குக் காட்டிவிட்டால், அது பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அரசுத் தரப்பையே சேரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதரின் எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? நரி எந்தப் பக்கம் ஓடியது, நாய்களை நடத்துபவர் அதைப் பார்த்தாரா, கொம்பை எப்படி ஊதினார், நாய்களைத் திருப்பி அழைக்க ஊதினாரா அல்லது உற்சாகப்படுத்த ஊதினாரா, துணை ஆட்கள் சவுக்கைச் சொடுக்கி நாய்களை நிறுத்தினார்களா, தடம் போட்டவர் என்று ஒருவர் அன்று உண்மையிலேயே இருந்தாரா? இதற்கெல்லாம் வார்த்தையில் சாட்சி சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் கலைத்துவிடுவார். ஓடும் படம் வேண்டும், அதுவும் நெருக்கமாக, முகமும் குரலும் தெரியும்படி வேண்டும். கிராமத்துக் காவல்துறைக்கோ சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு வேட்டைக் கூட்டத்தின் பின்னாலும் ஓட ஆளில்லை. ஆகவே அந்த வேலை சம்பளமில்லாத தன்னார்வலர்கள் தோளில் விழுந்தது.

கண்காணிப்பவர் வேறு, தடுப்பவர் வேறு

செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன. 'சாப்' என்று தங்களை அழைத்துக்கொள்பவர்கள் வேட்டையைக் கெடுக்கப் போகிறவர்கள். 1963-இல் டெவன் பகுதியில் தொடங்கிய வேட்டைத் தடுப்போர் சங்கம் இவர்களின் தாய் அமைப்பு. வேட்டைக்காரரைப் போலவே கொம்பு ஊதி நாய்களைத் திசைதிருப்புவார்கள். எலுமிச்சை வாசனை எண்ணெயைத் தெளித்து நரியின் மோப்பத்தை மறைப்பார்கள். பலர் முகமூடி அணிவார்கள்.

கண்காணிப்பாளர்கள் அப்படி இல்லை. தலையிட மாட்டார்கள். பார்ப்பார்கள், பதிவு செய்வார்கள், நேரத்தையும் இடத்தையும் குறிப்பார்கள், காவல்துறையிடம் கொடுப்பார்கள். பலருக்குப் பின்னால் 1924-இல் தொடங்கிய கொடுமை விளையாட்டு எதிர்ப்புக் கழகம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் என்பதால் இவர்கள் முகத்தை மறைப்பதில்லை.

சட்டமும் இருவரையும் வேறாகத்தான் பார்க்கிறது. 1994-இன் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், நிலத்தில் அத்துமீறி நுழைந்து சட்டப்படி நடக்கும் செயலைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது வேட்டைத் தடுப்போர்தான். வெறுமனே நின்று படம் எடுப்பவர் மேல் அது பாயாது. வேட்டைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற எல்லோரும் ஒரே கும்பல். தரையில் நடக்கும் கைகலப்புகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வருபவை என்று நினைக்கிறேன்.

குடையும் குதிரையும் சொல்லிக்கொடுத்த பாடம்

"இது என் நிலம்." வேட்டைக்காரர்களின் முதல் வாதம் இதுதான். நியாயமாகவும் தோன்றுகிறது. ஆனால் இதில் இரண்டு தனித்தனி உரிமைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நிலத்தில் நுழையாமல் தடுக்கும் உரிமை சொத்துரிமை. தன்னைப் பார்க்காமல் தடுக்கும் உரிமை தனியுரிமை. முதலாவது எல்லாருக்கும் தெரிந்த பழைய உரிமை. இரண்டாவது ஆங்கிலச் சட்டத்தில் வெகுகாலம் பெயரில்லாமலே கிடந்தது. அதனால் தனியுரிமை கேட்டு வந்தவர்கள் சொத்துரிமையின் வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

1893-இல் தீர்ப்பான வழக்கு ஒன்று இதற்கு அழகான சான்று. ரட்லண்ட் கோமகன் தன் நிலத்தில் பறவை வேட்டை நடத்திக்கொண்டிருந்தார். அந்த நிலத்தின் ஊடே ஒரு பொதுச் சாலை போகிறது. ஹாரிசன் என்பவர் சாலையில் நின்றுகொண்டு குடையை விரிப்பதும் மூடுவதுமாக, சுடும் இடத்துக்குப் பறவைகள் போகாதபடி விரட்டினார். கோமகனின் காவலாட்கள் அவரைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வழக்குப் போட்டார், தோற்றார். சாலை போய்வருவதற்கு, அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அடியில் உள்ள நிலத்தின் சொந்தக்காரருக்கு எதிரான அத்துமீறல் என்றது நீதிமன்றம். இன்றைய வேட்டைத் தடுப்போருக்கு மூதாதை என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அந்தக் குடைக்காரரைத்தான் சொல்வேன்.

1900-இல் இன்னும் நெருக்கமான ஒரு வழக்கு. பந்தயக் குதிரைகள் பயிற்சி எடுப்பதை உளவு பார்த்துச் செய்தி விற்கும் ஒருவர், சாலையின் பதினைந்து கெஜ தூரத்துக்குள் தொலைநோக்கியோடு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தார். எதையும் தடுக்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அவரும் தோற்றார். கண்காணிப்பாளர்களின் நிலைமை இன்றும் அப்படியே இருந்திருந்தால் ஒருவராலும் கேமராவைத் தூக்க முடியாது.

நிலைமை மாறியது. 1999-இல் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே சாலையோரம் கூடிய போராட்டக்காரர்கள் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, பொதுச் சாலையில் யாருக்கும் தொல்லை தராமல், நியாயமான முறையில், அமைதியாகக் கூடி நிற்பதும் பொதுமக்களின் உரிமைக்குள் வரும் என்றது. நிற்கலாம் என்றால் பார்க்கலாம், பார்க்கலாம் என்றால் பதிவு செய்யலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் வயல்களின் நடுவே 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பொது நடைபாதைகள் போகின்றன. இந்தப் பாதைகளின் வரைபடம் இல்லாமல் எந்தக் கண்காணிப்பாளரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பாதையை விட்டு வயலுக்குள் இறங்கினால்? பெரும்பாலான சமயம் அது சிவில் தவறுதான். நிலக்காரர் வெளியேறச் சொல்லலாம், வழக்குப் போடலாம். அதனாலேயே எடுத்த படம் செல்லாது என்று ஆகிவிடாது.

இடம் பொதுவா, செயல் அந்தரங்கமா

இப்போது அந்தச் சட்டக் கருத்தை நேராகப் பார்க்கலாம். தனியுரிமை என்றால் 'தனியார் இடத்தில் நடப்பது' என்றுதான் முதலில் தோன்றும். நீதிமன்றங்கள் கேட்பது வேறு கேள்வி: அந்தச் சூழலில், அந்த விஷயத்தில், தன்னை மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள் என்று ஒருவர் எதிர்பார்ப்பது நியாயமா?

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும். 2004-இல் பிரிட்டனில் மாடல் அழகி நயோமி கேம்பெல் ஒரு பத்திரிகைக்கு எதிராக ஜெயித்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோர் கூட்டத்திலிருந்து அவர் வெளியே வருவதை அந்தப் பத்திரிகை படம் எடுத்துப் போட்டிருந்தது. எடுத்த இடம் லண்டனின் நடுத்தெரு, யார் வேண்டுமானாலும் நடக்கும் இடம். ஆனாலும் சிகிச்சை அந்தரங்கமானது, ஆகவே படம் தவறு.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2001-இல், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் எதிர்த்திசை வழக்கு. டாஸ்மேனியாவில் பாசம் என்ற பைம்மா விலங்கைக் கொன்று இறைச்சியாக்கும் ஆலைக்குள் யாரோ ரகசியக் கேமரா வைத்துவிட்டார்கள். படம் தேசியத் தொலைக்காட்சியிடம் போனது. ஆலை தடை கேட்டது, கிடைக்கவில்லை. தனியார் இடத்துக்குள் நடக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு செயல் அந்தரங்கமாகிவிடாது என்று தலைமை நீதிபதி எழுதினார். தெருவில் எடுத்த படம் அந்தரங்க மீறல், பூட்டிய ஆலைக்குள் எடுத்த படம் அப்படி இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் பாதித் தனியுரிமைச் சட்டம் புரிந்த மாதிரி.

சரி, நரி வேட்டை எந்தப் பக்கம்? இதற்கு நேரடியான பதிலை வரவழைத்தவர்கள் வேட்டைக்காரர்களேதான். தடைச் சட்டம் தங்கள் மனித உரிமைகளைப் பறிக்கிறது என்று கிராமப்புறக் கூட்டணி என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு தனிவாழ்வுக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. வேட்டை எங்கள் வாழ்க்கைமுறை, ஆகவே எங்கள் தனிவாழ்வின் பகுதி என்பது வாதம். 2007 நவம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஏற்கவில்லை. பட்டப்பகலில், வண்ணமும் ஆரவாரமுமாக, ஊரே வேடிக்கை பார்க்க நடக்கும் ஒன்று எப்படித் தனிவாழ்வாகும் என்பது பிரபு பிங்கமின் பதிலின் சாரம். 2009 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய நீதிமன்றமும் அதே வழியில் போய் மனுவை விசாரணைக்கே ஏற்காமல் தள்ளிவிட்டது.

அந்த வழக்கு கேமராவைப் பற்றியது இல்லை, தடையைப் பற்றியது. ஆனால் அதன் தர்க்கம் கேமராவுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஊரைக் கூட்டி, கொம்பு ஊதி, மைல் கணக்கில் சாலைகளையும் வேலிகளையும் தாண்டிப் போகும் ஒன்றை 'யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. இந்த அளவில் எனக்கு ஐயமே இல்லை. வயலில் ஓடும் வேட்டையைப் பாதையிலிருந்து படம் எடுப்பதில் தனியுரிமை மீறல் கிடையாது.

ரகசியக் கேமரா வரும்போது

கடினமான கேள்விகள் வயலைத் தாண்டித்தான் தொடங்குகின்றன.

2016-இல் தெற்கு ஹெர்ஃபோர்ட்ஷயர் வேட்டைக் குழுவின் நாய்ப் பட்டியில் செயற்பாட்டாளர்கள் ரகசியக் கேமராக்களைப் பொருத்தினார்கள். உயிருள்ள நரிக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வேட்டைநாய்கள் இருக்கும் கூண்டுக்குள் விடுவதும், பிறகு செத்த குட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் பதிவாயின. இதைச் செய்தவர்கள் 2019-இல் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார்கள். நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை.

அந்தப் பட்டி பொது இடமில்லை. கேமரா வைத்தவர்கள் அனுமதி கேட்டு நுழையவில்லை. ஆனால் அவர்கள் நுழைந்திருக்காவிட்டால் அந்தக் குட்டிகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆங்கிலச் சட்டம் இங்கே ஒரு நடைமுறைப் பாதையை எடுக்கிறது. முறைகேடாகக் கிடைத்த சாட்சியம் என்பதற்காக மட்டும் அது தானாகத் தள்ளுபடி ஆகாது. 1984-இன் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி, அதை ஏற்பதால் விசாரணையின் நேர்மை கெடுமா என்று நீதிபதி எடைபோட்டு முடிவு செய்வார்.

நான் அந்தக் கேமராவை ஆதரிக்கிறேன். ஆனாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பட்டியில் வேலை செய்கிறவர் அங்கே சாப்பிடுவார், தொலைபேசியில் வீட்டாரோடு பேசுவார், தனியாக இருக்கிறோம் என்று நினைத்து அழக்கூடச் செய்வார். கேமரா அவற்றையும் பதிவு செய்யும். குற்றத்தைத் தேடி வைத்த கண்ணால் குற்றத்தை மட்டும் பார்க்க முடியாது. வலுவான சந்தேகம் இருக்கும் இடத்தில் மட்டும், குறுகிய காலத்துக்கு மட்டும், தேவையில்லாததை அழித்துவிட்டு: இந்த மூன்று கட்டுப்பாடும் இல்லாத ரகசியக் கேமராவை என்னால் ஆதரிக்க முடியாது.

திரைக்குப் பின்னால் பேசப்படும் பேச்சும் இப்படித்தான். 2020 ஆகஸ்டில் வேட்டைத் தலைவர்களின் சங்கத்து உறுப்பினர்களுக்கு மட்டும் இணையவழிப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. பதிவுகள் வேட்டைத் தடுப்போர் கைக்குப் போய் வெளியே வந்தன. தட வேட்டையை ஒரு 'புகைத்திரை' என்று சங்கத்தின் இயக்குநர் அதில் சொல்வது கேட்டது. சட்டத்தை மீற மற்றவர்களை ஊக்குவித்ததாக 2021 அக்டோபரில் அவருக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். 2022 ஜூலையில் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. அந்தச் சொற்களுக்கு வேறு பொருளும் இருந்திருக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வழக்கு தோற்றாலும் அந்தப் பதிவு ஊரை மாற்றியது. நேஷனல் டிரஸ்ட் என்ற பெரிய நில அறக்கட்டளையின் உறுப்பினர்கள் தட வேட்டைக்கு எதிராக வாக்களித்தார்கள், அறக்கட்டளை 2021-லேயே தன் நிலங்களில் அதை நிறுத்தியது.

இன்னொரு நுணுக்கம் புதியவர்கள் கண்ணில் எளிதில் படாது. தன்னார்வலர் தானாகப் படம் எடுத்துக் காவல்துறையிடம் கொடுத்தால் ஒரு கணக்கு. "அடுத்த சனிக்கிழமை நீங்கள் புதரில் மறைந்திருந்து இன்னாரைப் படம் எடுத்துத் தாருங்கள்" என்று காவல்துறையே கேட்டால் முற்றிலும் வேறு கணக்கு. ரகசியக் கண்காணிப்புக்கு அரசு அமைப்புகள் முன் அனுமதி பெற வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. தனிமனிதர்களை அது கட்டாது. ஆனால் காவல்துறை தன் வேலையைத் தன்னார்வலர் கையால் செய்து அந்த அனுமதியைத் தாண்டிவிடக் கூடாது. இதை வேட்டைக்காரர்கள் எழுப்பும்போது அவர்கள் பக்கம் உண்மையான நியாயம் இருக்கிறது. இன்று நரிக்காகத் திறக்கும் கதவு நாளை யார் வீட்டுக்கும் திறக்கும்.

படம் எடுப்பது ஒன்று, பரப்புவது வேறு

கண்காணிப்பாளர்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இந்த இடத்தில்தான். காவல்துறைக்குப் போக வேண்டிய படம் அன்று மாலையே சமூக வலைத்தளத்துக்குப் போய்விடுகிறது. குதிரை மேல் பத்து வயதுப் பிள்ளை இருக்கும். கார் எண் தெரியும். "இவர் யார், எங்கே வேலை பார்க்கிறார், யாருக்காவது தெரியுமா?" என்று கீழே கேட்பார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிடும். பிறகு அவர் கடைக்கு மிரட்டல் தொலைபேசிகள் போகும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நுழைகிறது. வீட்டு உபயோகத்துக்காகப் படம் எடுப்பவரை அது விட்டுவிடும். உலகமே பார்க்கும்படி ஏற்றினால் அந்த விலக்குப் போய்விடும் என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. பொதுநலனுக்கான இதழியல் என்று வாதாட இடமுண்டு. நாய்களை ஏவும் வேட்டைக்காரரின் முகத்துக்கு அந்த வாதம் செல்லும். அம்மாவோடு குதிரையேற வந்த பிள்ளையின் முகத்துக்குச் செல்லாது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து கலங்கடித்தால் 1997-இன் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசல் வரை போகிற கேமராவுக்கு நரியைக் காப்பாற்றும் வேலை இல்லை.

பார்க்கிறவர்களையும் பார்க்கிறார்கள்

வேட்டைக் குழுக்களும் சும்மா இருக்கவில்லை. உடலில் கேமரா மாட்டிய ஆட்கள் கண்காணிப்பாளர்களின் முகத்துக்கு நேரே நிற்கிறார்கள், கார்களைப் பின்தொடர்கிறார்கள். அவர்கள் படங்களும் இணையத்தில் சுற்றுகின்றன. தடுப்போரின் முகமூடியை நீக்கச் சொல்லும் அதிகாரம் சில சூழல்களில் காவல்துறைக்கு உண்டு. முகம் தெரிந்தால் வீடு தேடி வருவார்கள் என்பது தடுப்போரின் அச்சம். 1991-லும் 1993-லும் இரண்டு இளம் தடுப்போர் வேட்டை வாகனங்களின் கீழ் இறந்தார்கள், ஒருவருக்கு வயது 15. அந்த அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

அரசும் பார்த்தது. லண்டன் காவல்துறையின் சிறப்புப் பிரிவு ஒன்று 1968 முதல் பல பத்தாண்டுகள் போராட்டக் குழுக்களுக்குள் தன் ஆட்களைப் பொய்ப் பெயரில் வாழவிட்டது. விலங்குரிமைக் குழுக்களும் வேட்டைத் தடுப்போரும் அதில் உண்டு. சில அதிகாரிகள் பெண் செயற்பாட்டாளர்களை ஏமாற்றி உறவு வைத்துக்கொண்டார்கள். இதை ஆராய 2015-இல் அமைத்த பொது விசாரணை பல ஆண்டுகளாக நடக்கிறது. ஒரு பெண்ணின் படுக்கையறை வரை போன அந்த உளவோடு ஒப்பிட்டால் வயலோரத்துக் கேமரா எவ்வளவு சிறியது!

வானத்திலும் ஒரு சோகம் நடந்தது. 2009 மார்ச்சில் வார்விக்ஷயர் பகுதியில் கண்காணிப்பாளர்கள் ஜைரோகாப்டர் என்ற சிறு பறக்கும் ஊர்தியால் வேட்டையைப் பின்தொடர்ந்தார்கள். தலைக்கு மேல் வட்டமிடுவதைத் தொந்தரவாக உணர்ந்த வேட்டை ஆதரவாளர்கள், அது எரிபொருள் நிரப்ப இறங்கிய விமானத் திடலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஊர்தியின் பாதையில் நின்றார். சுழலும் விசிறி தாக்கி இறந்துபோனார். 2010-இல் ஜூரி விமானியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பார்க்கப்படுகிறோம் என்ற கோபமும், பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் மோதி ஒரு மனித உயிர் போனது. இன்று அந்த வேலையை ட்ரோன் செய்கிறது. 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது, இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. ஆனால் அந்த விதிகள் பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியவை. வேட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ட்ரோன் வழியில் யார் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறது என்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. கேமரா இவ்வளவு நெருங்கி வந்ததற்குக் காரணம் செயற்பாட்டாளர்களின் ஆர்வக்கோளாறு மட்டும் இல்லை. 2004-இன் சட்டம் 'எண்ணத்தை நிரூபி' என்று கேட்கிறது. எண்ணத்தைத் தேடும் கேமரா முகத்துக்கு அருகில் போக வேண்டும், குரலைப் பிடிக்க வேண்டும், மூடிய கூட்டத்துக்குள் காது வைக்க வேண்டும். சட்டம் மங்கலாக இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் கண்காணிப்பு ஓர் அடி முன்னால் வருகிறது.

2024 தேர்தலில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, தட வேட்டையையும் தடை செய்வதாகத் தன் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி அளித்தது. அந்தத் தடை ஓட்டையில்லாமல் எழுதப்பட்டால், நாய்க் கூட்டத்தை வயலில் அவிழ்த்துவிட்டு நரி வாசனையின் பின்னால் போவதே குற்றமாகும். வேட்டைக்காரர் மனத்தில் என்ன நினைத்தார் என்று அலச வேண்டியதில்லை. யார் முகத்தையும் பெரிதாக்க வேண்டியதில்லை. சாலையோரம் நின்று தூரத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு படம் போதும். அதில் குதிரை மேல் இருக்கும் பிள்ளை ஒரு புள்ளியாகத்தான் தெரிவாள்.